அன்னாசிக்குக் கட்டிய பாத்தி

ஏப்ரல் 11, திங்கள்

வெயில். காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டுகிறது. குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்றார்கள். இப்போது எது விட்ட நாள், எது விடாத நாள் என்று யாருக்கும் தெரியாது. டாலிகஞ்ச் கிணற்றில் வரிசை. என் வாளி பதினேழாவது. சவரம் செய்யாமல் ஆபீஸ்.

செய்ய வேண்டியது:
– மேட்டு நில அறிக்கை (போன வாரமே கொடுத்திருக்க வேண்டும்)
– பிளேடு
– செருப்புக்கு வார்
– வீட்டுக்குக் கடிதம். தங்கை கல்யாணத்துக்கு என்ன வழி என்று அப்பா கேட்டிருக்கிறார். கப்பல் எப்போது என்று தெரியாது. எழுதியாவது வைக்கலாம்.

அறிக்கைதான் தலைவலி. குடியேறிய குடும்பத்துக்குக் கீழே வயல், மேலே மேடு. மேட்டை இந்த அந்தமானில் எல்லா பாஷைக்காரர்களும் டிக்கிரி என்கிறார்கள். மூன்று வருடத்துக்குள் டிக்கிரியில் பயிர் நிற்க வேண்டும்; நிற்காவிட்டால் ஒதுக்கீடு ரத்து. நிற்க வைப்பது என் வேலை. பதவி: விவசாயக் கள உதவியாளர், தற்காலிகம். மூன்று வருடமாகத் தற்காலிகம்.

எட்டு மாதம் கொட்டும், நாலு மாதம் ஒரு சொட்டு இல்லை. ஜனவரியில் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, உன் ஊர்ப்பக்கம் எல்லாம் வறண்ட காடுதானே, மேட்டில் ஈரத்தைக் காக்க ஒரு வழி சொல் என்றார். எனக்கு ஒரே குஷி. விளாத்திகுளத்துக்காரனிடம் வறட்சியைப் பற்றிக் கேட்கிறார்! ராவோடு ராவாகத் தமிழிலேயே இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். செடியைச் சுற்றிக் குழி, குழியைச் சுற்றி வட்ட வரப்பு, வரப்புக்குள் சருகு மூடாக்கு. பாம்பூஃப்ளாட் பள்ளிக்கூடத்தில் பதினோரு குடும்பங்களை உட்கார வைத்து வாசித்தேன். அதில் தமிழ் தெரிந்த குடும்பம் ஒன்று. மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

ஏப்ரல் 13, புதன்

சாத்தம் துறையிலிருந்து முதல் ஃபெர்ரி. பாம்பூஃப்ளாட்டில் இறங்கி ஒரு மணி நேர நடை. அந்த ஒரே தமிழ்க் குடும்பம்: பேச்சியம்மாள், முதுகுளத்தூர்ப் பக்கம். நாற்பது வயதிருக்கும். நான் அக்கா என்பேன். புருஷன் முனியசாமி நடு அந்தமானில் மரம் வெட்டும் முகாமில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். நிலம் முழுக்க இவர் கையில்.

டிக்கிரியைப் பார்த்து அசந்துபோனேன். எழுநூறு அன்னாசிக் கன்று. ஒவ்வொன்றுக்கும் குழி, வட்டமாக வரப்பு, உள்ளே தென்னை மட்டைச் சருகு. கூட்டத்தில் நான் சொன்னதற்கு ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் சொல்லாவிட்டாலும் செய்திருப்பாராம். கன்று வைத்தால் கை தானாகப் பாத்தி கட்டிவிடுகிறதாம். அது உண்மைதான், என் கைக்கும் அதே வியாதி. எங்கள் சீமையில் விழுகிற தண்ணீரை ஓடவிட்டவன் பிழைத்ததில்லை.

இலை ஓரம் சிவந்திருக்கிறது, ஆனால் செடி சாகவில்லை. நாலு மாதமாக மழை இல்லை! என்னைக் குனியச் சொல்லி இலை இடுக்கைக் காட்டினார். ஒவ்வொரு இலையின் அடியிலும் தண்ணீர். ராத்திரிப் பனி. இலை ஓடு போலக் குழிந்திருக்கிறதா, விழுகிற ஈரமெல்லாம் உருண்டு நடுவுக்கு வந்துவிடுகிறது. விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. டாலிகஞ்ச் கிணற்று வரிசையைவிட எவ்வளவோ மேல்.

பக்கத்து டிக்கிரி லூக்கஸ் உடையது. ராஞ்சிக்காரர், இங்கே வந்து இருபது வருடமாகிறது. அவரும் அன்னாசிதான். குழி இல்லை, வரப்பு இல்லை. மண்ணை மேடாகக் குவித்து உச்சியில் நட்டிருக்கிறார். எங்கள் பாத்திகளைப் பார்த்துச் சிரித்தார்.

"பானி கோ ஜானே தோ, பாபு."

தண்ணீரைப் போக விடு என்கிறார். ஏப்ரல் மாதத்தில்! எனக்கு எரிச்சல். படித்தவன் சொன்னால் இவர்களுக்கு ஏறாது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். மதியம் ஃபெர்ரி ஒன்றேகால் மணி நேரம் தாமதம்.

ஏப்ரல் 14, வியாழன்

வருடப் பிறப்பு. மாங்காய் கிடைத்தது, வேப்பம்பூ இல்லை. காதர் பாய் கடையில் பிளேடு வாங்கினேன். கீழக்கரைக்காரர். உருளைக்கிழங்கு கப்பல் வந்தால்தான் என்றார். மண்ணில் போட்டால் எதுவும் முளைக்கிற ஊரில் உருளைக்கிழங்குக்குக் கப்பலைப் பார்க்க வேண்டியிருக்கிறது, நீயெல்லாம் என்ன தம்பி விவசாய ஆபீஸ் என்று கிண்டல். செருப்பு வார் மறந்துவிட்டது.

ஏப்ரல் 27, புதன்

வெயில். குழாய் இல்லை. வீட்டுக் கடிதமும் இல்லை.

அறிக்கையை ஒருவழியாக முடித்தேன். கடைசியில் 'வறண்ட நிலச் செடிகள் நீரைக் கையாளும் விதம்' என்று இரண்டு பக்கம் சேர்த்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். ஆபீசர் படிக்கப் போவதில்லை. இங்கே குறித்து வைக்கிறேன்:

சப்பாத்திக் கள்ளி – இலையே வேண்டாம் என்று விட்டுவிட்டது. தண்டில் தண்ணீர், மேலே மெழுகுத் தோல். வேர் ஆழம் போகாது. மேலாக விரிந்து கிடக்கும். ஒரு தூறல் போட்டாலும் பிடித்துக்கொள்ளும்.
உடை மரம் – பொடி இலை. வெயில் தின்ன இடம் கொடுக்காது. வேர் பாதாளத்துக்கு.
கற்றாழை – உள்ளே கூழ். பிடுங்கிக் கூரையில் எறிந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.
அன்னாசி – பகலெல்லாம் இலைத்துளையை மூடி வைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு திறந்து மூச்சு விடும். பனியையும் இலையாலேயே குடிக்கும். வேர் மேலாக.

எழுதி முடித்ததும் பெருமையாக இருந்தது. எனக்கென்று ஒரு வேலை தெரியும் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டேன்.

மே 9, திங்கள்

மேகம். புழுக்கம் தாங்கவில்லை. பேச்சியம்மாளை ஃபெர்ரித் துறையில் பார்த்தேன். அரிசி வாங்க வந்தாராம். மழை வந்துவிட்டால் கன்று கிளம்பிவிடும், அடுத்த வருடம் காய் என்றார். ஒதுக்கீட்டுக்குக் கெடு ஜூனில். எழுநூறு செடி நிற்கும்போது யார் ரத்து செய்ய முடியும் என்றேன். கையெழுத்துப் போடாத குறை.

மே 17, செவ்வாய்

மழை. மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்தது. தகரக் கூரைக்குக் கீழே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. எல்லோரும் வாளி, குடம், சட்டி என்று வெளியே வைத்தோம். ஆனந்தமாக நனைந்தேன். தலை துவட்டும்போதுகூட அந்த வட்ட வரப்புகள் நினைவுக்கு வரவில்லை. ஒரு நிமிஷம்கூட வரவில்லை.

மே 24, செவ்வாய்

எட்டு நாளாக விடவில்லை. ஷூவில் பூஞ்சணம். தீப்பெட்டி நமத்துவிட்டது. ஃபெர்ரி இரண்டு நாளாக நின்று நின்று ஓடுகிறது.

இன்று காலை ஆபீஸ் வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு ஆள் மண்வெட்டியால் கொத்தி வழி பண்ணினார். பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் உறைத்தது. எழுநூறு பாத்தி. ஒவ்வொன்றிலும் தண்ணீர். நான்தான் கட்டி நிறுத்தச் சொன்னேன்.

போக வேண்டும். ஃபெர்ரி இல்லை.

மே 30, திங்கள்

போனேன்.

குருத்தழுகல். தூரத்திலிருந்து பார்க்கும்போது பச்சையாகத்தான் இருந்தது. நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடி வெள்ளையாகக் குழைந்து, நாற்றம். அடுத்தது. அதற்கடுத்தது. முப்பது செடி இழுத்திருப்பேன், நாலுதான் கெட்டியாக நின்றன. பேச்சியம்மாள் என் பின்னாலேயே வந்து, நான் கீழே போட்ட குருத்தையெல்லாம் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். எதற்கு என்று கேட்கத் தைரியமில்லை.

கொட்டுகிற மழையில் அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டுவந்து ஒரு செடிக்கு ஊற்றினார். ஊற்றிவிட்டுத்தான் தானே கவனித்தார். சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நம்ம ஊருல தண்ணி இல்லாமத்தான் சார் சாகும். இப்பிடிச் சாகும்னு எனக்குத் தெரியாதே."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன மாதம் நானே எழுதினேன்: வேர் மேலாக, பனியை இலையாலேயே குடிக்கும். தனக்கென்று குடம் வைத்திருக்கிற செடிக்குக் குளம் வெட்டிக் கொடுத்த முட்டாள் நான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அப்பா சொல்லும்போதெல்லாம் கோபம் வரும். இங்கே கறி மட்டும் இல்லை, நிலமே போகப் போகிறது.

வரப்பையெல்லாம் வெட்டி விடச் சொன்னேன். இரண்டு பேருமாக மேல் வரிசைகளில் ஆரம்பித்தோம். லூக்கஸ் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. மண்வெட்டி எடுத்துவந்து அவரும் வெட்டினார். சிரித்திருந்தால் தேவலை. அவருடைய மேட்டில் ஒரு செடிகூட அழுகவில்லை.

தமிழ் தெரியாத பத்துக் குடும்பமும் பிழைத்தது.

ஜூன் 2, வியாழன்

மழை. ஆய்வுத் தேதி வந்துவிட்டது: 9ஆம் தேதி, பாம்பூஃப்ளாட் பக்கம், ஆபீசரே வருகிறார். படிவம் என் மேஜைக்கு வந்தது. 'பயிர் இல்லையெனில் காரணம்' என்று ஒரு கட்டம். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும்.

ஆபீசர் நல்ல மனநிலையில் இருந்தார். என் பணி நிரந்தரத்துக்கான கோப்பு மேலே போகிறதாம். எந்தச் சிக்கலும் இல்லாமல் பார்த்துக்கொள் என்றார். சிரித்து வைத்தேன்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. மீன் குழம்பு, நல்ல குழம்புதான்.

ஜூன் 6, திங்கள்

போனேன். எண்ணினோம். நூற்றுப் பத்து தேறும், மிஞ்சினால் நூற்று இருபது. பாதிக்கு மேல் நிற்க வேண்டும் என்பது விதி.

ஆய்வில் என்ன கேட்பார்கள் என்று பேச்சியம்மாள் கேட்டார். இந்தியில் கேட்பார்கள், நான் மொழிபெயர்ப்பேன் என்றேன். அவருக்குத் தெரிந்த இந்தி பானி, சாவல், கித்னா: தண்ணீர், அரிசி, எவ்வளவு. நிலம் போய்விடுமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். எனக்கு நானே அருவருப்பாக இருந்தேன். 'பார்க்கலாம்' என்பது ஆபீஸ் வார்த்தை. அவருக்கும் அது தெரியும்.

ஜூன் 9, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆபீசர் குடை பிடித்துக்கொண்டு ஏறினார். அழுகினதைப் பார்த்தார். பாதி வெட்டின, பாதி வெட்டாத வரப்புகளைப் பார்த்தார். அன்னாசிக்கு யாராவது பாத்தி கட்டுவார்களா, யார் சொல்லிக் கட்டினாய் என்று கேள் என்றார், என்னிடம்.

என்னிடம்! ஜனவரியில் நான் எழுதின இரண்டு பக்கம் அவர் அலமாரியிலேயே இருக்கிறது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதினேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தமிழில் கேட்டேன். யார் சொல்லிக் கட்டினீங்க அக்கா என்று. என் காதுக்கே அசிங்கமாக இருந்தது. பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக ஆபீசரைப் பார்த்துச் சொன்னார்.

"யாரும் சொல்லல. நானாத்தான் கட்டுனேன். எங்க ஊருப் பழக்கம்."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். சொல்ல வேண்டும். ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் என்னென்னவோ ஓடியது: கோப்பு, அப்பாவின் கடிதம், தங்கை கல்யாணம். அப்புறம் அந்தப் பொய்யை அப்படியே, ஒரு வார்த்தை சிந்தாமல், நல்ல இந்தியில் சொன்னேன். கிஸீ நே நஹீன் போலா, சாப்.

ஆபீசர் கட்டத்தில் எழுதினார்: குடியேறியவரின் அறியாமை, கவனக்குறைவு. ரத்துக்குப் பரிந்துரை. இரண்டு வரியும் அந்தச் சின்னக் கட்டத்தில் கச்சிதமாக அடங்கிவிட்டது.

இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். முழங்கால் சிராய்ப்பு. நல்லது.

ஜூன் 10, வெள்ளி

மழை. ஆபீஸ் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். எனக்கு வெள்ளம் முழங்கால் அளவுதான். தலைக்கு மேலே போனது பேச்சியம்மாளுக்கு.

ஏன் அப்படிச் சொன்னார்? தம்பி மாதிரி என்ற பாசமா? நான் அழுகின குருத்தை இழுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துப் பரிதாபமா? பாவம் அந்த மனுஷி. எனக்காகத் தன் நிலத்தைத் தாரை வார்த்திருக்கிறார்.

ஜூன் 13, திங்கள்

கொடுத்துவிட்டேன். இங்கிலீஷில் ஒரு பக்கம். பாத்தி கட்டச் சொன்னது நான், கூட்டம் கூட்டி வாசித்தது நான், அந்தக் குடியேறி நான் சொன்னதைச் சரியாகச் செய்தார், செய்ததால்தான் செடி அழுகியது. கீழே கையெழுத்து, தேதி.

ஆபீசர் இரண்டு முறை படித்தார். கத்தவில்லை. அந்த அம்மாவே தானாகக் கட்டினேன் என்று சொன்ன பிறகு உனக்கு என்ன வந்தது என்றார். அவர் சொன்னது பொய், நான் மொழிபெயர்த்தது பொய் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். போ என்றார்.

வெளியே வந்து காதர் பாய் கடையில் டீ. விஷயத்தைச் சொன்னேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டாயே தம்பி என்றார். ஆனாலும் டீக்குக் காசு வாங்கவில்லை. மனசு லேசாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜூன் 18, சனி

இரண்டு உத்தரவு, ஒரே நாளில்.

ஒன்று: மேற்படி டிக்கிரி ரத்து நிறுத்திவைக்கப்படுகிறது. தவறு ஊழியருடையது என்பதால் மறு நடவுக்கு ஒரு வருட அவகாசம்.

இரண்டு: எனக்கு மாயாபந்தருக்கு மாற்றல். விதைக் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை. நிரந்தரம் 'பின்னர் பரிசீலிக்கப்படும்'. 25ஆம் தேதிப் படகு.

முதல் உத்தரவை நாலு தடவை படித்தேன். இரண்டாவதை ஒரு தடவைதான். என் இடத்துக்கு யாரோ ஒரு பானர்ஜி வருகிறாராம். கல்கத்தாவில் படித்தவர்.

வீட்டுக்கு என்ன எழுதுவது? எழுதவில்லை.

ஜூன் 20, திங்கள்

மழை கொஞ்சம் விட்டிருந்தது. உத்தரவு நகலை எண்ணெய்த் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு முதல் ஃபெர்ரி. வழியெல்லாம் பேச்சியம்மாள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அழுவார் என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். வெட்கக்கேடு.

மேட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். கீழ் வரிசைகளில் வரப்பு வெட்டாமல் கிடந்தது. ரத்து என்று ஆன பிறகு யாருக்காக வெட்ட என்று விட்டுவிட்டாராம். உத்தரவைப் படித்துக் காட்டினேன். நிலம் இருக்கிறது, ஒரு வருடம் இருக்கிறது என்றேன். முகம் தெளிந்தது. எப்படி மனசு மாறினார்கள் என்று கேட்டார். சொன்னேன், நான் எழுதிக் கொடுத்ததை. அப்புறம் மாயாபந்தரையும்.

தெளிந்த முகம் அப்படியே சுருங்கிவிட்டது.

"யார எழுதச் சொன்னா ஒங்கள?"

எனக்குப் புரியவில்லை. நீங்க எனக்காகப் பொய் சொன்னீங்க, அதை எப்படி நான் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"ஒங்களுக்காகவா சொன்னேன்? இந்த மேடு போனா இன்னொரு மேட்டக் கேட்டு மனு எழுத ஆளு வேணும்னு சொன்னேன். இந்த ஆபீசுல என் பாச பேசுறது நீங்க ஒருத்தருதான். ஒங்களையும் அனுப்பிப்புட்டு வெறும் மண்ண வச்சுக்கிட்டு நான் யாருகிட்டப் போயி எந்த வாயால பேச?"

அடுத்து வருகிறவர் என்னைவிடப் படித்தவர், இப்படித் தப்பாகச் சொல்லித்தர மாட்டார் என்றேன். வேறென்ன சொல்வது?

"தப்பாச் சொன்னீகளோ சரியாச் சொன்னீகளோ, எனக்கு வெளங்குச்சு. அவரு சொல்றது வெளங்குமா?"

லூக்கஸ் தன் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தூறல் பிடித்தது. பேச்சியம்மாள் எழுந்து போய் மண்வெட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார். படகு இருபத்தஞ்சாந் தேதிதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அஞ்சு நாள் இருக்கு, கீழ் வரிசை கிடக்கு என்றார்.

இருட்டும்வரை வெட்டினேன். நாற்பத்தியிரண்டு பாத்தி. கை கொப்பளித்து, பேனா பிடிக்க முடியவில்லை. நாளையும் முதல் ஃபெர்ரி.